மூட்டத்துக்குப் போகும் பிள்ளைகள்

விறகை அடுக்கி முடித்ததும் கரிமூட்ட வேலை ஓய்ந்துவிடுவதில்லை. வெட்டித் துண்டு போட்ட சீமைக்கருவேல விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் போட்டு மூடி, மண்ணைக் குழைத்துப் பூசித் தீ வைத்த பிறகு, அது நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்து வேக வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே புகுந்தால் விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும்; பல நாள் வெட்டின கூலி ஒரே இரவில் போய்விடும். அதனால் புகை என்ன நிறத்தில் வருகிறது, எந்தப் பக்கம் மண் சரிகிறது என்று ராவும் பகலும் ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெடிப்பு கண்ட இடத்தில் உடனே மண் அள்ளிப் போட வேண்டும். தனி ஆளுக்கு இது ஆகாது. ஒப்பந்தக்காரர்கள் முன்பணம் கொடுக்கும்போதே புருஷன், பெண்சாதி என்று ஜோடிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். மூட்டத்துக்குப் பக்கத்திலேயே தார்ப்பாயோ ஓலையோ போட்ட குடிசையில் படுக்கை. ஒரு காட்டில் மரம் தீர்ந்ததும் குடிசையைப் பிரித்து அடுத்த காட்டுக்குப் போக வேண்டும். இப்படி அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே ராத்திரிக் காவலுக்குப் போகிற ஒரு தொழிலில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எங்கே படுத்துத் தூங்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நம்முடைய எந்தத் துறைக்கும் இதுவரை கொடுக்கப்படவில்லை.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் விளாத்திகுளம் வட்டத்தின் குளத்தூர் வரும். மேற்கே கரிசல் நிலம். கிழக்கே வைப்பாறு, வேம்பார் என்று உப்பளக் கரை. இரண்டுக்கும் நடுவிலும் சுற்றிலும் சீமைக்கருவேலம். கோவில்பட்டி வரைக்கும் நீளும் இந்த வானம் பார்த்த பூமியில் மானாவாரி வெள்ளாமைக்கு ஒரே பருவம்தான். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைத்து, மார்கழி தொடங்கி மாசி வரைக்கும் உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் என்று ஒவ்வொன்றாக வீடு வந்து சேரும். மிளகாயும் பருத்தியும் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். அதற்குப் பிறகு அடுத்த மழை வரைக்கும் காட்டில் வேலை இல்லை. நிலம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், கூலிக்குப் போகும் நிலமற்ற குடும்பங்கள் உப்பளத்துக்கோ, செங்கல் சூளைக்கோ, கரிமூட்டத்துக்கோதான் போயாக வேண்டும். ஆட்டுக்கிடையோடு மாவட்டம் மாவட்டமாக நகரும் கீதாரிக் குடும்பங்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இவர்களில் பெரும்பாலோருக்கு ஊரில் சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. ஆனால் வருஷத்தில் சில மாதங்கள் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த மாதங்களில் இந்தப் பிள்ளைகள் வீடற்ற பிள்ளைகள் என்பதும், அதைப் பள்ளிக்கூடமே உணர்ந்து அதற்கேற்ப மாற வேண்டும் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

வீடற்றவர் என்றதும் நமக்குப் பெருநகரத்து நடைபாதைதான் நினைவுக்கு வருகிறது. அரசாங்கக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் தேதி ராத்திரி, சாலையோரத்திலும் ரயில் நிலையங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பாலங்களுக்கு அடியிலும் படுத்திருந்தவர்களை எண்ணினார்கள். நாடு முழுக்க 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. கூரை என்று ஒன்று இருந்துவிட்டால் அது வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். மூட்டத்துப் பக்கத்தில் போட்ட குடிசைக்கும் கூரை உண்டு. அமெரிக்காவில் 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் பள்ளிப் பிள்ளைகளின் விஷயத்தில் வேறு அளவுகோலை வைத்தது. இரவில் தங்குவதற்கு நிலையான, வழக்கமான, போதுமான ஓர் இடம் இல்லாத பிள்ளை எவரும் வீடற்ற பிள்ளைதான். உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தாலும் சரி, விடுதி அறையிலோ வாகனத்திலோ படுத்தாலும் சரி. இந்த அளவுகோல் என்ன செய்கிறது பாருங்கள். 2023 ஜனவரியில் ஓர் இரவில் தெருக்களிலும் காப்பகங்களிலும் அந்த நாடு எண்ணிய வீடற்றவர்கள் எல்லா வயதினரும் சேர்ந்து சுமார் ஆறரை லட்சம். அதே கல்வியாண்டில் அரசுப் பள்ளிகள் அடையாளம் கண்ட வீடற்ற மாணவர்கள் மட்டுமே 13 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடத்தின் கண்ணுக்குத் தெரிகிற வீடின்மை வேறு, கணக்கெடுப்பவர் கண்ணுக்குத் தெரிகிற வீடின்மை வேறு. அந்தச் சட்டத்தின்படி, பிள்ளை எங்கே போய்த் தங்கினாலும் பழைய பள்ளியிலேயே தொடரலாம். அதற்கான வண்டி வசதி செய்து கொடுப்பதும் கல்வி நிர்வாகத்தின் வேலை. பணக்கார நாட்டில் இந்தச் சட்டம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. யாரை எண்ண வேண்டும் என்று முடிவெடுத்த விதம் நமக்குப் பயன்படும்.

பிள்ளையின் வறுமை பள்ளிக்கூடத்தின் வேலையல்ல, வாத்தியார் பாடம் நடத்தினால் போதும், மற்றதை வருவாய்த் துறை பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதத்துக்குத் தமிழ்நாடு பதில் சொன்ன இடமே இந்தக் கரிசல்தான். குளத்தூரிலிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில்தான் 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1920லேயே சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்திருந்தது. காமராசரும், பள்ளிக் கல்வித் துறையை நடத்திய நெ.து.சுந்தரவடிவேலுவும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அரசிடம் பணம் போதாத காலத்தில் ஊர்க்காரர்களின் அரிசியும் பருப்பும் விறகும்தான் அடுப்பை எரியவிட்டன. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பசி என்பது வீட்டுப் பிரச்சினை, பள்ளிக்கூடத்துக்கு அதில் என்ன வேலை என்று அன்று முடிவெடுத்திருந்தால் இந்த மாநிலத்தின் எழுத்தறிவு இன்று எங்கே நின்றிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். காலையும் மதியமும் பள்ளிக்கூடமே சோறு போடுவது இன்று யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை ராத்திரி எங்கே சாப்பிட்டு எங்கே தூங்குகிறது என்று பள்ளிக்கூடம் கேட்பதுதான் இன்னும் விசித்திரமாகத் தெரிகிறது.

இந்த வட்டாரத்துக்குப் பிள்ளைகளை மீட்ட அனுபவம் வேறொன்றும் இருக்கிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். விடியுமுன் ஊருக்குள் வண்டி வரும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பள்ளமிட்ட சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பதித்துக் கட்டை அடுக்குவதற்கும், பெட்டி ஒட்டுவதற்கும் சின்ன விரல்கள்தான் வேகம் என்று சொல்லியே அவர்களை வைத்துக்கொண்டார்கள். எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ படம் அந்தப் பிள்ளைகளின் கதை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் வந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. ஒரு பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அரசு அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. நடைமுறையில் அது எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு விவாதம். ஆனால் பிள்ளையை வேலையிலிருந்து எடுத்தால் அந்தக் கூலியின் இடத்தை வேறொன்று நிரப்ப வேண்டும் என்ற உண்மையை நீதிமன்றம் பேச்சோடு விடாமல் உத்தரவாகவே எழுதியது. சட்டம், சோறு, சோதனை, இயந்திரம் எல்லாம் சேர்ந்து தீப்பெட்டி ஆபீஸ்கள் பிள்ளைகளை விட்டன. கரிமூட்டத்தில் அந்தத் தீர்வு அப்படியே செல்லாது. இங்கே பிள்ளையை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை. பெற்றோரோடு கூட இருக்கிறது, அவ்வளவுதான். அபராதம் போட முதலாளி இல்லை. சோதனைக்கு வரும் அதிகாரி பார்ப்பது ஒரு குடும்பத்தை.

மூட்டத்துக்குப் போகிற பருவத்தையும் பள்ளிக்கூட நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சேதம் எங்கே நடக்கிறது என்று தெரியும். அறுவடை முடிந்து குடும்பம் கிளம்புவது மாசி, பங்குனியில். அது முழு ஆண்டுத் தேர்வுக்குப் பாடங்களை முடித்துத் திருப்பிப் பார்க்கும் காலம். ஜூனில் பள்ளி திறந்து புதுப் புத்தகம், சீருடை, காலணி கொடுக்கும்போது பல குடும்பங்கள் ஊர் திரும்பியிருப்பதில்லை. வாங்கிய முன்பணம் கழியும்வரை திரும்ப முடியாது. மழை இறங்கி விதைப்பு தொடங்கும் புரட்டாசியில் வந்து சேரும்போது காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். ஆக இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வகுப்பின் முடிவும் அடுத்த வகுப்பின் தொடக்கமும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஆண்டின் நடுவில் விட்டுப்போனால் பிறகு எட்டிப் பிடிக்கலாம். கூட்டல் முடிந்து பெருக்கல் தொடங்கும் இடம், எழுத்துக்கூட்டிப் படிப்பது முடிந்து பத்தியாகப் படிக்கும் இடம், இவற்றையே ஆண்டுக்காண்டு இழக்கிற பிள்ளைக்கு அது நடப்பதில்லை. ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்தும் தன் பெயரைத் தவிர வேறெதையும் பிழையில்லாமல் எழுதத் தெரியாத நிலை இப்படித்தான் உண்டாகிறது. மூளைக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தப்படுவதில்லை என்பதால் இது ஒன்பதாம் வகுப்பில்தான் வெளியே தெரிகிறது. அப்போது பையனுக்குச் சுயமாக மரம் வெட்டுகிற வயது வந்திருக்கும். பெண்பிள்ளை என்றால் அதற்கும் முன்பே, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் மூட்டத்தடியில் சோறாக்கவும் என்று நின்றுவிட்டிருக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் நல்ல ஏணிகள்தாம். அவற்றின் முதல் படி ஆறாம் வகுப்பில் இருக்கிறது; இந்தப் பிள்ளைகள் வழுக்குவது அதற்கும் கீழே.

இதே வறுமை ஆசிரியரை என்ன செய்கிறது என்று பேசுவோர் குறைவு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். மூட்டத்துக்குப் போன குடும்பங்கள் பெரும்பாலும் ஊரில் இல்லாத மாதம் அது. 62 பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் ஒரே குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள் பெயர் நீங்கினால் மூன்றாவது ஆசிரியர் உபரியாகிறார். பணிநிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். மீதி இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் முன்னால் இருக்கும் வழிகள் இரண்டு. வராத பிள்ளையின் பெயரை எடுத்தால் பணியிடம் போகிறது. பிள்ளை திரும்பி வரும்போது அதன் இடமும் போயிருக்கிறது. பெயரை வைத்திருந்தால் வருகைப் பதிவிலும் எமிஸ் என்ற கல்வித் துறைப் பதிவு இணையதளத்திலும் நாள்தோறும் அந்தப் பெயருக்கு எதிரே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மனசாட்சியுள்ள தலைமையாசிரியர் பெயரை வைத்திருக்கத்தான் செய்வார். பிள்ளையின் நன்மைக்கு அதுதான் வழி. அதன் விளைவாக மாநிலத்தின் சேர்க்கைக் கணக்கு நிறைந்து நிற்கிறது, இடைநிற்றல் கணக்கு குறைந்து நிற்கிறது, அந்தப் பிள்ளை மூட்டத்தடியில் நிற்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பெயருக்கும் ஆளுக்கும் இடையில் ஒரு மூன்றாவது நிலையைப் பதிய நம் பதிவேட்டில் கட்டம் இல்லை.

வகுப்பறைக்குள் வந்தால் சுமை இன்னும் தெளிவாகத் தெரியும். ஜூனில் இருபது பேரோடு தொடங்கிய பாடத்தைப் புரட்டாசியில் திரும்பிய ஆறு பேருக்காக மறுபடியும் தொடங்க வேண்டும். தொடங்கினால் இருபது பேர் காத்திருக்க வேண்டும். தொடங்காவிட்டால் ஆறு பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் வகுப்பை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க வழி செய்தது. நின்று நின்று வரும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. ஆனால் ஒரு வகுப்பை மூன்று நிலையாகப் பிரிக்க, குறைந்தது வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் அது காகிதத்தோடு நிற்கிறது. காலிப் பணியிடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக இடைநிலை ஆசிரியரைத் தற்காலிகமாக நியமிக்க 2022இல் நிர்ணயிக்கப்பட்ட மாத ஊதியம் 12,000 ரூபாய். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கு 1,000 ரூபாய். பெரும்பாலும் அதே ஊரில் வாக்கப்பட்டு வந்த, படித்த, வேலை கிடைக்காத இளம்பெண்கள் இவர்கள். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பிள்ளை பாட்டியிடம் நிற்கிறது என்று ஊரில் இவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. வறுமையை எதிர்கொள்ளும் வேலையை வறுமையில் இருப்பவர்களிடமே மலிவாகக் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு நெஞ்சை உறுத்துகிற விஷயம்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள அரசுப் பள்ளியில் சேரலாம், மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 14ஆம் பிரிவு வயதுச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. புலம்பெயர் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதி செய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் போகிற இடத்துப் பள்ளியில் சேர்த்துவிடலாமே என்று கேட்கலாம். திருப்பூருக்குப் பிழைக்கப் போய் ஒரு வாடகை வீட்டில் நிலைக்கிற குடும்பத்துக்கு இந்தப் பிரிவுகள் உண்மையாகவே உதவும். மூட்டம் நடப்பது ஊரை விட்டு விலகிய காட்டில். பக்கத்துப் பள்ளிக்குப் பிள்ளை தனியாக நடந்து போக வேண்டும். அங்கே ஆறு வாரம் ஆனதும் அடுத்த காடு, அடுத்த பள்ளி. ஒரு கல்வியாண்டில் மூன்று பள்ளிக்கூடம் பார்க்கிற பிள்ளைக்குச் சட்டம் தருவது சேர்க்கும் உரிமை; அதற்குத் தேவையோ ஒரே இடத்தில் இருக்கும் வாய்ப்பு.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் தமிழ்நாட்டின் ஏழைகள் 2019-21 கணக்கில் 2.2 விழுக்காடுதான், இத்தனை சிறிய கூட்டத்துக்காக ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண் இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய எண், மறுக்கவில்லை. ஆனால் அது வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த கணக்கு. பூட்டிக் கிடக்கும் வீட்டில் கேட்க ஆள் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளை ஆசிரியர்களே தெருத்தெருவாகத் தேடும் கணக்கெடுப்பும் பெரும்பாலும் கோடையில்தான் நடக்கிறது. அப்போதும் அதே பூட்டு. சிறிய கூட்டம் என்றே வைத்துக்கொண்டாலும், அதில் செலவு குறைவு என்றுதானே பொருள்? லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட முடிந்த அரசுக்கு வட்டத்துக்கு இத்தனை பிள்ளைகள் என்று பெயர் சொல்லி எண்ணக்கூடிய ஒரு கூட்டத்துக்கு ராத்திரித் தங்கல் ஏற்பாடு செய்வது மலையல்ல. குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற நோக்கோடு கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுப்பதும் இன்னொரு பதிலாக வரும். கான்கிரீட் வீடு வேண்டியதுதான், மிகவும் வேண்டியதுதான். ஆனால் வேலை மூட்டத்தில் இருக்கும்வரை அந்தக் கான்கிரீட் வீடும் அதே மாசியில் பூட்டப்படும்.

பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சைத்தான் அடிக்கடி கேட்க வேண்டியிருக்கிறது. யாரிடம் விட்டுப் போவது? பாட்டி இருந்தால் விட்டுப் போகிறார்கள். பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. கண் மங்கின பாட்டி மூன்று பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட வேண்டும், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாட்டி இல்லாத வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை ராத்திரி தனியாக விட்டுவிட்டு எந்தத் தாய் மூட்டத்துக்குக் காவல் இருப்பாள்? கூட்டிக்கொண்டு போவதே அந்தத் தாயின் அக்கறை. புகையையும் பாம்பையும் தெரிந்தேதான் கூட்டிப் போகிறாள். ஊரில் தனியாக விடுவது அதைவிட ஆபத்து என்று கணக்குப் போட்டுத்தான் கூட்டிப் போகிறாள்.

அந்தக் கணக்கை மாற்றக்கூடியது ஒன்றுதான்: பெற்றோர் இல்லாத மாதங்களில் பிள்ளை சொந்த ஊரிலேயே, சொந்தப் பள்ளியிலேயே பத்திரமாக இருக்க ஓர் இடம். நம்மிடம் விடுதிகள் இல்லாமல் இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று இருந்து, 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறிய மாணவர் விடுதிகள் வட்டம்தோறும் உண்டு. ஆனால் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர்க்கை நான்காம் வகுப்பிலிருந்துதான். மாணவர் என்றால் வீட்டுக்கும் பள்ளிக்கும் எட்டு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம் இருக்க வேண்டும் என்பதும் விதி. மாணவியருக்கு மட்டும் இந்தத் தூர விதி பொருந்தாது. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் பூட்டிய வீடு வைத்திருக்கிற எட்டு வயதுப் பையன் இந்த விதிப்படி விடுதி தேவைப்படாத பையன். தூரத்தை வைத்து வறுமையை அளந்த காலத்து விதி அது. வடக்கே ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில், செங்கல் சூளைகளுக்குப் பெற்றோர் போகும் மாதங்களில் பிள்ளைகளை ஊரிலேயே வைத்துக்கொள்ளும் பருவகால விடுதிகளை முதலில் தொண்டு நிறுவனங்களும் பிறகு அரசும் நடத்தின. மகாராஷ்டிராவில் கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இப்படிப்பட்ட பருவகாலத் தங்கலுக்கு இடமும் இருக்கிறது. குளத்தூர் போன்ற ஊரில் புதுக் கட்டடம்கூட வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலேயோ சமுதாயக் கூடத்திலேயோ கதவு, கழிப்பறை, தண்ணீர், மின்விசிறி சரியாக இருக்கிற இரண்டு அறை போதும். காலையும் மதியமும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சமைக்கிறார்கள். ராத்திரிக்கு ஒரு வேளை கூடும். ஊரிலிருக்கும் இரண்டு பெண்களுக்கு முழுச் சம்பளத்தில் காப்பாளர் வேலை கிடைக்கும்.

விடுதி என்றதும் எழும் அச்சங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பராமரிப்பில்லாத விடுதிகளைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. சின்னப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பது சாதாரணக் காரியம் இல்லை. அதனால்தான் தூரத்து ஊர் விடுதி வேண்டாம் என்கிறேன். சொந்த ஊரில், பாட்டியும் அத்தையும் எட்டிப் பார்க்கிற தூரத்தில், ஊரே அறிந்த பெண்களின் பொறுப்பில், பெற்றோர் ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போய்விடுகிற ஏற்பாடாக அது இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தாம் பெரும்பான்மை. பொறுப்பை அங்கே வைத்தால் ஊர்க் கண்ணே காவல்.

இன்னொரு அச்சம் இதைவிட ஆழமானது. பள்ளிக்கூட நாட்காட்டியைப் பெற்றோரின் தொழிலுக்கு ஏற்ப வளைக்கலாம், மூட்டம் இருக்கும் மாதத்தில் விடுமுறை விட்டு மழைக்காலத்தில் நடத்தலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது வருகிறது. இதை ஏற்க முடியாது. 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோரின் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழகம் எதிர்த்தது. அடுத்த ஆண்டே ஆட்சிக்கு வந்த காமராசர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பின் நியாயம் இன்றும் மாறவில்லை. மூட்டத்துக்குப் போகிறவரின் பிள்ளைக்கு மட்டும் மூட்டத்துக்கேற்ற நாட்காட்டி கொடுத்தால், அந்தப் பிள்ளையை மூட்டத்துக்குத் தயார் செய்கிறோம் என்றுதான் அர்த்தம். மற்ற பிள்ளைகளுக்கு என்ன நாட்காட்டியோ அதேதான் இதற்கும் வேண்டும். மாற வேண்டியது, அந்த நாட்களில் பிள்ளை இருக்கும் இடம்.

அரசு நினைத்தால் வேகமாக நகரும் என்பதை இதே மாவட்டம் பார்த்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தாமிரபரணிக் கரை முழுக்க மூழ்கியபோது, பள்ளிக்கூடங்கள்தாம் தங்குமிடங்களாயின. புத்தகமும் சான்றிதழும் வெள்ளத்தில் போன பிள்ளைகளுக்குப் புதிதாகக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. ஒரே ராத்திரியில் வீடு போனால் அது பேரிடர் என்று எல்லோருக்கும் புரிகிறது. பருவத்தைப் பொறுத்த வறுமையையும் அரசு ஓரிடத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது: உப்பு விளையாத மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் சில ஆண்டுகளாக வழங்கப்படுகிறது. வேலை இல்லாத பருவத்துக்கு ஒரு கணக்கு இருக்க முடியும் என்றால், வீடு பூட்டிய பருவத்துக்கும் ஒரு கணக்கு இருக்க முடியும்.

செய்ய வேண்டியவற்றில் சில வெறும் அரசாணைகள்தாம். எமிஸ் பதிவில் ‘பெற்றோர் பருவகால வேலையில் வெளியூர்’ என்று ஒரு நிலை சேர்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளையும் ஆகஸ்ட் 1 கணக்கில் எண்ணிப் பணியிடத்தைக் காக்க வேண்டும். விடுதிச் சேர்க்கையில் பெற்றோர் ஊரில் இல்லாத பிள்ளைகளுக்கு எட்டு கிலோமீட்டர் விதியையும் நான்காம் வகுப்பு வரம்பையும் தளர்த்த வேண்டும். பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பை இந்த வட்டாரத்தில் தை மாதத்தில், குடும்பங்கள் களத்து வேலையில் ஊரில் இருக்கும்போதே நடத்தி, யார் யார் எப்போது கிளம்புகிறார்கள் என்று பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலை வைத்து விளாத்திகுளம் வட்டத்தில் மட்டும் இரண்டு மூன்று ஊர்களில் வருகிற மாசியிலேயே தங்கலைத் தொடங்கிப் பார்க்கலாம். ஒப்பந்தக்காரர்கள் முன்பணத்தோடு ஊருக்குள் வருவது தை கடைசியில். காப்பாளர் நியமனமும் அறையும் அதற்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும்.